சி.பி.யூ தலையில் ஒரு செம்புத் தண்ணீர்: நிகழ்வு ஆய்வு

காரைக்குடியை அடுத்த பள்ளத்தூர்ப் பக்கம் ஒரு பலகாரக் கடையில் பில் போடுகிற கம்ப்யூட்டருக்குள் ஏறக்குறைய அரை லிட்டர் தண்ணீர் போனது. மெஷின் ஓடிக்கொண்டிருக்கும்போது, மேலிருந்து நேராக. அதே கம்ப்யூட்டர் இன்றைக்கும் அதே கடையில் பில் போடுகிறது. இடையில் என்ன நடந்தது, எது பிழைத்தது, எது போனது, ஏன் போனது என்பதைக் கடைக்காரர்களின் சம்மதத்தோடு, அவர்கள் பெயர் போடாமல் எழுதி வைக்கிறேன். கம்ப்யூட்டர் சர்வீஸ் எனக்குத் தொழில். தண்ணீர் பட்ட மெஷின்கள் மழைக்காலத்தில் வரிசையாக வரும். ஆனால் சேதத்தின் காரணத்தை இவ்வளவு தெளிவாகக் காட்டிய மெஷின் வேறு வந்ததில்லை.

தண்ணீர் கொட்டிவிட்டால் எல்லோரும் கேட்கிற முதல் கேள்வி, "எப்படிக் காய வைக்கிறது?" அது மூன்றாவதாகவோ நான்காவதாகவோ வர வேண்டிய கேள்வி. முதல் கேள்வி, "கரண்ட் இன்னும் எங்கெல்லாம் இருக்கிறது?" என்பது. வெறும் தண்ணீர் பட்டு ஒரு மதர்போர்டு, அதாவது எல்லாப் பாகமும் வந்து இணைகிற பெரிய போர்டு, அன்றைக்கே செத்துப்போவது அபூர்வம். தண்ணீருக்குள் மின்சாரம் நிற்கும்போதுதான் அது சாகிறது.

இடமும் மெஷினும்

பழைய செட்டிநாட்டு வீடு. முகப்பில் விற்பனை, பின்கட்டு அடுப்படியில் கைமுறுக்கு, தேன்குழல், அதிரசம், சீப்புச் சீடை, மனகோலம் எல்லாம் வேகும். நடுவில் வானம் பார்த்த முற்றமான வளவு. வளவை ஒட்டிய தாழ்வாரத்தில் ஒரு மேசை. மேசை மேல் மானிட்டரும் பில் பிரிண்டரும், பக்கத்தில் ஸ்டூல் போட்டு சி.பி.யூ, தரையில் எக்ஸ்டென்ஷன் பாக்ஸ், மேசைக்கடியில் பலகை மேல் யூ.பி.எஸ். மழையை வீட்டின் நடுவுக்கே கூப்பிட்டு அண்டாவில் பிடிக்கிற மாதிரி கட்டிய வீட்டில், கம்ப்யூட்டர் வைப்பதற்கு வளவு ஓரத்தைவிட மோசமான இடம் கிடையாது. ஆனாலும் வெளிச்சம் அங்கேதான், காற்று அங்கேதான், வருகிற போகிற ஆள் தெரிவதும் அங்கேதான். இந்தப் பக்கம் நான் வேலைக்குப் போகிற பாதி வீடுகளில் கம்ப்யூட்டர் அங்கேதான் இருக்கிறது.

மெஷின் சாதாரணமானது. 8 ஜி.பி. ராம் இரண்டு, டேட்டாவைச் சேமிக்க ஒரு எஸ்.எஸ்.டி., தனி கிராஃபிக்ஸ் கார்டு இல்லை. பில் போட இது தாராளம். ஆனால் கேபினெட் மட்டும் விளையாட்டுப் பிள்ளைகள் வாங்குகிற கண்ணாடிக் கதவுக் கேபினெட். யாரோ தலையில் கட்டியிருக்கிறார்கள். அதன் மேல்பக்கம் முழுக்கச் சல்லடை. சூடு மேலே போக அந்த வழி. தண்ணீர் உள்ளே வரவும் அதுவே வழியானது. வீட்டுக் கரண்டை மாற்றி மெஷினுக்குக் கொடுக்கிற பெட்டியான எஸ்.எம்.பி.எஸ். கீழே, ஒரு தகட்டு மூடிக்கு அடியில். இதைக் குறித்துக்கொள்ளுங்கள், பின்னால் வரும்.

அந்தச் சாயங்காலம்

ஆயுத பூஜை முடிந்து, தீபாவளி ஆர்டர் குவிகிற சமயம். சி.பி.யூ நெற்றியில் வைத்த சந்தனமும் குங்குமமும்கூட அழியவில்லை. பில் போடுகிற பையன் குடிக்க வைத்திருந்த பித்தளைச் செம்பு, சி.பி.யூவின் சல்லடைத் தலை மேல் இருந்தது. தகர டின்னைத் தூக்கிக்கொண்டு போன ஒருவரின் முழங்கை பட்டது. செம்பு கவிழ்ந்து பாதி உள்ளே, பாதி கீபோர்டிலும் தரையிலும்.

பையன் உடனே மவுஸைப் பிடித்து ஷட் டவுன் கொடுத்தான். கம்ப்யூட்டர் வகுப்பில் சொல்லிக்கொடுத்த ஒழுங்கு. திரையில் அப்டேட் நடக்கிறது, அணைக்காதீர்கள் என்று வந்து, சதவீதம் மெதுவாக ஏற ஆரம்பித்தது. உள்ளே தண்ணீர் மதர்போர்டு மேல் வழிந்துகொண்டிருக்க, மெஷின் நிதானமாகத் தன்னைப் புதுப்பித்துக்கொண்டிருந்தது. தண்ணீர் உள்ளே போய்விட்டால் ஒழுங்காக அணைக்கிற மரியாதை எல்லாம் தேவையில்லை. சேமிக்காத ஒரு பில் போனால் போகட்டும்.

பையன் அடுத்து எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் பக்கம் குனிந்தான். அங்கேதான் கடைக்கார ஆச்சி குரல் கொடுத்தார்: "டேய், வயர்ல கைய வைக்காத! தரையெல்லாம் தண்ணி. போயி மெயின அணை."

இந்த நிகழ்வில் நடந்த எல்லாவற்றிலும் இது முக்கியம். கம்ப்யூட்டர் அப்புறம். ஈரமான ஆத்தங்குடிக் கல் தரை, வெறுங்கால், தண்ணீர் நிற்கிற எக்ஸ்டென்ஷன் பாக்ஸ், 230 வோல்ட். அந்த வீட்டில் பழைய பீங்கான் கட்டவுட் பியூஸ்தான் இருந்தது. பியூஸ் வயரை எரியவிடாமல் காப்பதற்கு. மனிதனைக் காப்பதற்கு இல்லை. உடம்பு வழியாக 30 மில்லி ஆம்பியர் கசிந்தாலே துண்டிக்கிற ஆர்.சி.சி.பி. அங்கே இல்லை. அப்படிப்பட்ட வீட்டில் நனைந்த பிளக்கைப் பிடுங்கப் போவதைவிட, காய்ந்த இடத்தில் இருக்கிற மெயினை அணைப்பதுதான் சரி.

மெயினை அணைத்தார்கள். விளக்கு, ஃபேன் எல்லாம் நின்றன. கம்ப்யூட்டர் நிற்கவில்லை. யூ.பி.எஸ். பீப் பீப் என்று கத்திக்கொண்டு அதற்குக் கரண்ட் கொடுத்தது. அதற்காகத்தானே காசு கொடுத்து வாங்கியது. இருட்டில் மானிட்டர் மட்டும் பளிச்சென்று அப்டேட் காட்டியது. கடைசியில் பையன் பவர் பட்டனை விடாமல் அழுத்திப் பிடித்தான். திரை கறுத்தது, காற்றாடி நின்றது. எல்லோரும் மூச்சு விட்டார்கள்.

மவுஸின் அடியில் சிவப்பு வெளிச்சம் எரிந்துகொண்டிருந்தது. மறுநாள் நான் துருவிக் கேட்டபோதுதான் பையன் அதைச் சொன்னான். "ஆமாண்ணே, செவப்பா எரிஞ்சுச்சு. ஆச்சி தொடைக்கச் சொன்னப்ப மவுஸத் தூக்குனேன், அப்ப பார்த்தேன்."

அணைத்த பிறகும் ஓடிய கரண்ட்

அந்தச் சிவப்பு வெளிச்சம்தான் வழக்கின் முக்கிய சாட்சி. பவர் பட்டனால் அணைப்பது என்பது கம்ப்யூட்டரைத் தூங்க வைப்பது மாதிரிதான். எஸ்.எம்.பி.எஸ்.ஸுக்குள் கரண்ட் வருகிற வரை, 5 வோல்ட் ஸ்டாண்ட்பை மின்சாரம் மதர்போர்டுக்கு வந்துகொண்டே இருக்கும். பட்டனை அழுத்தினால் எழுந்துகொள்ள அது வேண்டும். கலர் வயர் வைத்த எஸ்.எம்.பி.எஸ். என்றால் 24 பின் கனெக்டரில் ஊதா வயர் அதுதான். பல போர்டுகளில் இதே 5 வோல்ட் யூ.எஸ்.பி. பக்கமும் போகும், மவுஸில் வெளிச்சம் எரிந்தது அதனால்தான்.

யூ.பி.எஸ். கத்துகிற சத்தம் தாங்காமல் யாரோ ஒருவர் அதன் பட்டனை அழுத்தி அணைத்தார்கள். அதற்குள் கால் மணி நேரம் போயிருக்கும் என்று எல்லோருமே சொன்னார்கள். அந்தக் கால் மணி நேரம் ஈரமான மதர்போர்டு 5 வோல்ட் ஏறிய நிலையில் இருந்தது. யூ.பி.எஸ். மட்டும் பலகை மேல் இல்லாமல் தரையில் இருந்து நனைந்திருந்தால் அதைத் தொடச் சொல்லவே மாட்டேன். வெளிக்கரண்ட் போனாலும் அதன் உள்ளே 12 வோல்ட் பேட்டரியும், அதிலிருந்து 230 வோல்ட்டை உண்டாக்குகிற சர்க்யூட்டும் உயிரோடு இருக்கும்.

யூ.பி.எஸ். அணைந்த பிறகும் இரண்டு இடத்தில் மின்சாரம் மிச்சம். ஒன்று, எஸ்.எம்.பி.எஸ்.ஸுக்குள் மின்சாரத்தைத் தேக்கி வைக்கிற பெரிய கெப்பாசிட்டர். 230 வோல்ட் ஏ.சி.யை டி.சி. ஆக்கினால் உச்சம் 325 வோல்ட் வரும். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் அது சிறிது நேரம் தேங்கி நிற்கும். அதனால்தான் எஸ்.எம்.பி.எஸ். பெட்டியை வீட்டில் யாரும் திறக்கக் கூடாது, காய வைப்பதற்காகக்கூட. இன்னொன்று, மதர்போர்டிலேயே உட்கார்ந்திருக்கிற ரூபாய்க் காசு அளவு செல், சி.ஆர். 2032. வெறும் 3 வோல்ட். மணி பார்க்கவும், மெஷின் கிளம்பும்போது முதலில் ஓடுகிற பயாஸின் செட்டிங்கை நினைவில் வைக்கவும் இருக்கிற அந்தச் சின்ன செல்லை எல்லோரும் மறந்துவிடுகிறார்கள். வீட்டு மெயின், யூ.பி.எஸ்., பிளக் எல்லாம் போன பிறகும் ராத்திரி முழுக்க வேலை செய்வது அது ஒன்றுதான்.

ராத்திரி நடந்த பஞ்சாயத்து

எனக்குப் போன் வந்தது கடை மூடிய பிறகு. வயரை யூ.பி.எஸ்.ஸிலிருந்து பிடுங்குங்கள், எந்தப் பட்டனையும் தொடாதீர்கள், கண்ணாடிக் கதவைக் கழற்றி ஃபேன் காற்றில் வையுங்கள், உள்ளே காசு மாதிரி ஒரு செல் இருக்கும், அதை எடுத்துவிடுங்கள் என்று சொன்னேன். முதல் மூன்றும் நடந்தன. செல்லை எடுக்க யாருக்கும் துணிச்சல் வரவில்லை. குறை சொல்ல முடியாது. நனைந்த மெஷினுக்குள் ராத்திரியில் கை விடச் சொன்னால் யார் விடுவார்கள்?

பெங்களூரில் இருக்கிற மருமகன் போனில் அரிசிக்குள் புதைக்கச் சொன்னாராம். பலகாரக் கடை, அரிசி மூட்டை மூட்டையாக இருக்கிறது, ஒரு சி.பி.யூவைப் புதைக்கிற அளவுக்கு இருந்தது என்பதுதான் ஆபத்து. அரிசி ஈரத்தை உறிஞ்சும் என்பது பேச்சுக்குத்தான். திறந்து வைத்து ஃபேன் போட்டால் காய்வதைவிட அது மெதுவாகவே காய வைக்கும். அதோடு அரிசித் தவிடும் குருணையும் ராம் ஸ்லாட்டுக்குள் போய் ஒட்டிக்கொள்ளும். அடுத்த யோசனை ஹேர் டிரையர். சூடான காற்றை நெருக்கத்தில் அடித்தால் பிளாஸ்டிக் கனெக்டர் வளையும், தண்ணீர் துளியும் தள்ளப்பட்டு சிப்புக்கு அடியில் போய் ஒளியும். மூன்றாவது யோசனைதான் மோசமானது: "ஒரு தடவ போட்டுத்தான் பார்ப்போமே."

ஆச்சி இதை எதிர்பார்த்திருக்கிறார். சி.பி.யூவின் பவர் கார்டைக் கழற்றி, அலமாரியில் வைத்துப் பூட்டி, சாவியை இடுப்பில் செருகிக்கொண்டார். இந்த மெஷினைக் காப்பாற்றியது நான் இல்லை, அந்தப் பூட்டுதான். என் அனுபவத்தில் தண்ணீர் பட்டு வருகிற மெஷின்களில் பெரும்பாலானவை கொட்டியபோது சாகவில்லை. பாதி காய்ந்த நிலையில் போட்டுப் பார்த்தபோது செத்தவை. மேலே பார்க்கக் காய்ந்திருக்கும். ராம் ஸ்லாட்டுக்குள்ளும் சிப்பு அடியிலும் ஈரம் பிடித்து நிற்கும். அந்த நேரத்தில் 12 வோல்ட் பாய்ந்தால் ப்ராசசருக்குக் கரண்ட் பிரித்துக் கொடுக்கிற பகுதி ஒரு நொடியில் போகும்.

திறந்து பார்த்தபோது

மறுநாள் மதியம் மெஷின் கைக்கு வந்தது. முதல் வேலை செல்லை எடுத்தது. பிறகு போட்டோ எடுத்துக்கொண்டு ஒவ்வொன்றாகக் கழற்றினேன்.

தண்ணீர் வந்த பாதை தெளிவாகத் தெரிந்தது. மேல் சல்லடையிலிருந்து மதர்போர்டின் மேல் விளிம்பு, ப்ராசசர் கூலரின் ஒரு ஓரம், ராம் ஸ்லாட், அங்கிருந்து கீழே செல் இருக்கிற இடம், போர்டின் அடி விளிம்பில் முன்பக்க யூ.எஸ்.பி. வயர் செருகுகிற பின்கள், கடைசியில் எஸ்.எம்.பி.எஸ். மேல் இருக்கிற தகட்டு மூடி. அந்த மூடியில் வயர் போகிற ஓட்டை வழியாகச் சொட்டி, எஸ்.எம்.பி.எஸ். உடம்பில் இரண்டு கோடுகள். உள்ளே போயிருக்கிறதா என்று வெளியே இருந்து சொல்ல முடியாது.

பாதை முழுக்கக் காய்ந்த தண்ணீரின் வெள்ளைத் திட்டு. அது போர் தண்ணீர். குடிநீரில் கரைந்த உப்புகள் லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்குள் இருக்க வேண்டும், வேறு வழியே இல்லையென்றால் 2000 வரை போகலாம் என்று இந்திய தர அளவு சொல்கிறது. லிட்டருக்கு 1000 என்று வைத்துக்கொண்டால்கூட, அரை லிட்டர் தண்ணீர் காய்ந்ததும் அரை கிராம் உப்பை விட்டுவிட்டுப் போகும். சுத்தத் தண்ணீர் மின்சாரத்தைக் கடத்துவது மிகக் குறைவு; கடத்துவது இந்த உப்புதான். காய்ந்த பிறகும் அது போர்டிலேயே இருக்கும். ஐப்பசி மழைக் காற்றில் ஈரத்தை இழுத்து மறுபடி உயிர் பெறும். காய வைத்தால் போதாது, கழுவ வேண்டும் என்பது இதனால்தான்.

இப்போது முக்கியமான இடம். லென்ஸ் வைத்துப் பார்த்தேன். தண்ணீர் வழிந்த எல்லா இடத்திலும் வெள்ளைத் திட்டு மட்டும். அடியில் பூச்சும் ஈயமும் பளபளவென்று இருந்தன. இரண்டே இடத்தில் மட்டும் வேறு மாதிரி. செல் ஹோல்டரின் பாசிட்டிவ் பக்கத்துக் கால், அதைச் சுற்றிப் பாசி நிறத்தில் பச்சைப் படலம். முன்பக்க யூ.எஸ்.பி. பின் வரிசையில் 5 வோல்ட் வருகிற முனைப் பின்கள் கறுத்து, வேர்ப்பக்கம் பச்சை பூத்திருந்தன. அதே வரிசையில், அதே தண்ணீரில் நனைந்த மற்றப் பின்களுக்கு ஒன்றும் இல்லை. ஒரு பின்னுக்கும் அடுத்த பின்னுக்கும் இடையே இருப்பது இரண்டரை மில்லிமீட்டர். ஒன்று அரிக்கப்பட்டிருக்கிறது, அடுத்தது புதுசு மாதிரி இருக்கிறது.

இந்த வேதியியலைக் காரைக்குடிக்காரர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்து, 1948-ல் நேரு அடிக்கல் நாட்டி, 1953-ல் திறக்கப்பட்ட மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம், நம் ஊர்ப் பேச்சில் சிக்ரி, இங்கேதான் இருக்கிறது. உலோக அரிப்பு அவர்களுடைய முக்கியமான ஆராய்ச்சித் துறைகளில் ஒன்று. அங்கே படிக்கிற பிள்ளைகளுக்கு இது பாலபாடம்: உப்புத் தண்ணீருக்குள் இரண்டு உலோக முனை, இடையில் வோல்டேஜ். பாசிட்டிவ் முனையிலிருந்து செம்பு உலோகம் கரைந்து தண்ணீருக்குள் போகும். நெகட்டிவ் முனையில் போய்ச் சின்னச் சின்னக் கிளையாகப் படியும். அந்தக் கிளை வளர்ந்து இரண்டு முனையையும் தொட்டால் ஷார்ட். இதற்குத் தேவைப்படுகிற வோல்டேஜ் மிகக் குறைவு. மூன்று வோல்ட் செல்லே தாராளம்.

கால் மணி நேரம் 5 வோல்ட் நின்ற இடமும், ராத்திரி முழுக்க 3 வோல்ட் நின்ற இடமும் பச்சை. மின்சாரம் இல்லாமல் வெறும் தண்ணீர் நின்ற இடம் வெள்ளை. ஓடிக்கொண்டிருந்தபோது 12 வோல்ட் இருந்த மேல் விளிம்பு எப்படித் தப்பியது என்று கேட்கலாம். அங்கே தண்ணீர் தேங்கவில்லை, வழிந்து கீழே போய்விட்டது. தவிர, பட்டனை அழுத்தியதும் அந்த 12 வோல்ட் நின்றுவிட்டது. அதில் கொஞ்சம் அதிர்ஷ்டமும் இருக்கிறது.

கழுவியது

மதர்போர்டைத் தண்ணீர் ஊற்றிக் கழுவப் போகிறேன் என்றதும் பையன் முகம் மாறிவிட்டது. ஊற்றுவது டிஸ்டில்டு வாட்டர். இன்வெர்ட்டர் பேட்டரிக்கு ஊற்றுகிறோமே, பேட்டரிக் கடையில் கேனில் கிடைக்கிறது, அதுதான். கரண்ட் ஒரு துளிகூட இல்லாத போர்டுக்கு அது கெடுதல் செய்யாது. நேரடியாக ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலில் இறங்கிவிடச் சொல்கிறவர்கள் உண்டு. ஆல்கஹால் ஈரத்தையும் எண்ணெய்ப் பிசுக்கையும் நன்றாக எடுக்கும். உப்பை அவ்வளவாகக் கரைக்காது. உப்பைக் கரைக்கத் தண்ணீர்தான் வேண்டும். அதனால் முதலில் டிஸ்டில்டு வாட்டரும் மென்மையான டூத் பிரஷ்ஷும், அப்புறம் தண்ணீரை விரட்ட 99 சதவீத ஆல்கஹால்.

ராம் ஸ்லாட்டுக்கும் பச்சை படிந்த இடத்துக்கும் நேரம் பிடித்தது. ப்ராசசரைக் கழற்றி சாக்கெட்டைப் பார்த்தேன், காய்ந்தே இருந்தது. அந்த சாக்கெட்டின் முடி போன்ற பின்களில் பிரஷ் படவே கூடாது. ஒரு பின் வளைந்தாலும் போர்டு போச்சு. சந்தேகம் இருந்தால் ஆல்கஹாலைச் சொட்டு விட்டு ஆறவிடலாம், அவ்வளவுதான்.

ஆல்கஹால் சட்டென்று பற்றும். இதை அந்த வீட்டில் செய்யாமல் என் கடைக்குக் கொண்டுவந்ததற்கு அதுதான் காரணம்; பின்கட்டில் அடுப்பு அணையாத வீடு. சானிடைசர், தின்னர், பெட்ரோல், துரு நீக்குகிற ஸ்பிரே எதுவும் இதற்கு மாற்று இல்லை. முதலாவது பிசுக்கை விடும், அடுத்த இரண்டும் பிளாஸ்டிக்கைத் தின்னும், கடைசி எண்ணெய்ப் படலம் விட்டுப் போகும்.

கொட்டியது வெறும் தண்ணீர் என்பதால் இவ்வளவோடு முடிந்தது. காபி, நீர்மோர், இளநீர் என்றால் கழுவாமல் விடுகிற பேச்சே கிடையாது. சர்க்கரையும் பாலும் ஒட்டிக் காய்ந்தால் பிறகு எறும்புதான் சர்வீஸ் பண்ணும்.

டேட்டா

போர்டு காய்கிற நேரத்தில் எஸ்.எஸ்.டி.யைக் கவனித்தேன். அது கேபினெட்டின் பின்புறத் தகட்டில் இருந்ததால் ஒரு சொட்டும் படவில்லை. இருந்தாலும் துடைத்து, ஒரு நாள் வைத்து, வேறு கம்ப்யூட்டரில் யூ.எஸ்.பி. வழியாக மாட்டி முழுப் பிரதி எடுத்தேன். ஆச்சிக்கு மெஷினைவிட இதுதான் கவலை. சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் இருக்கிற பழைய வாடிக்கையாளர் முகவரிகள், கல்யாணச் சீர்ப் பலகார ஆர்டர்கள், யாருக்கு எவ்வளவு முன்பணம் என்கிற கணக்கு எல்லாம் அதில். பழைய ஹார்ட் டிஸ்க் உள்ளவர்களுக்கு ஒரு எச்சரிக்கை: அதன் மூடியில் காற்றுப் போகச் சின்ன ஓட்டை இருக்கும். அந்தப் பக்கம் தண்ணீர் பட்டிருந்தால் கரண்ட் கொடுக்காமல், டேட்டா மீட்கிறவர்களிடம் அப்படியே கொடுத்துவிடுங்கள்.

மறுபடி போட்டது

போர்டை ஃபேன் காற்றில், நிழலில், செங்குத்தாக நிறுத்தி வைத்தேன். வெயில் காலம் என்றால் இரண்டு நாள் போதும். அன்றைக்கு வெளியே மழை பிடித்திருந்ததால் கூடுதலாகவே விட்டேன். வடகம் காயப்போடுகிற மாதிரி மொட்டை மாடியில் வைக்கலாமா என்று பையன் கேட்டான். வெயிலைவிட அங்கே வருகிற தூசியும் திடீர் தூறலும்தான் பயம்.

எஸ்.எம்.பி.எஸ்.ஸைத் திரும்ப மாட்டவில்லை. உடம்பில் தண்ணீர்க் கோடு இருந்தது. உள்ளே என்ன என்று தெரியாது. அது பிழைத்திருக்கவும் கூடும். ஆனால் அது கெட்டால் தனியாகக் கெடாது, மதர்போர்டையும் எஸ்.எஸ்.டி.யையும் சேர்த்து இழுத்துக்கொண்டு போகும். புதிதாக ஒன்று வாங்கினேன். மாட்டுவதற்கு முன் மல்டிமீட்டரில் 12, 5, 3.3 வோல்ட் மூன்றும் ஐந்து சதவீத ஏற்ற இறக்கத்துக்குள் வருகிறதா என்று பார்த்தேன்.

முதல் தடவை போட்டது வெறும் போர்டு, ப்ராசசர், வெப்பம் கடத்துகிற பேஸ்ட்டைப் புதிதாகத் தடவிய கூலர், ஒரே ஒரு ராம், ஒரு புது செல். எஸ்.எஸ்.டி. இல்லை, முன்பக்க வயர் எதுவும் இல்லை. பயாஸ் திரை வந்தது. அதிலேயே விட்டு, வெப்பமும் வோல்டேஜும் அசையாமல் நிற்கின்றனவா என்று ஒரு மணி நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். கருகல் வாசனை வருகிறதா என்று மூக்கையும் வைத்தேன். இந்தத் தொழிலில் மூக்கும் ஒரு மீட்டர்தான். பிறகு இரண்டாவது ராம். அதோடு மெஷின் கிளம்பவில்லை. ராமை மாற்றிப் போட்டால் இரண்டு ராமும் நன்றாக இருக்கின்றன, ஸ்லாட்தான் பேசவில்லை. தண்ணீர் அதிக நேரம் தேங்கி நின்ற ஸ்லாட் அது. மறுபடி கழுவி, காய வைத்து, பார்த்தேன். பேசவில்லை. விட்டுவிட்டேன். பில் போட 8 ஜி.பி. போதும்.

முன்பக்க யூ.எஸ்.பி. இரண்டும் போயின. பச்சை பூத்த பின்களைச் சுத்தம் செய்ததும் ஒன்று முழுக்க ஒடிந்து வந்துவிட்டது. அந்த வயரையே எடுத்துக் கட்டி வைத்துவிட்டேன். செல் ஹோல்டர் தப்பியது. கால் மட்டும் மறுபடி ஈயம் வைத்தேன்.

கணக்கும் மாற்றங்களும்

புது எஸ்.எம்.பி.எஸ். சுமார் 2,500 ரூபாய், கீபோர்டு 500, கெமிக்கலும் செல்லும் சேர்த்து 500-க்குள், அப்புறம் என் கூலி. கீபோர்டைக் கழுவிக் காய வைத்திருக்கலாம். அந்த விலைக்கு அந்த உழைப்பு கட்டாது. மானிட்டர், பிரிண்டர், யூ.பி.எஸ். மூன்றுக்கும் ஒன்றும் இல்லை. வாரன்டி பற்றி ஆச்சி கேட்டார். தண்ணீர் பட்ட சேதத்தைச் சாதாரண வாரன்டியில் ஏற்றுக்கொள்ள மாட்டார்கள் என்றதும், "நம்ம கொட்டுனதுக்கு அவுக என்ன பண்ணுவாக" என்று விட்டுவிட்டார்.

வீட்டில் சில மாற்றங்கள் நடந்தன. எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் சுவருக்கு ஏறிவிட்டது. எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. போட்டார்கள்; அப்போதுதான் தாழ்வாரத்து மூன்று பின் சாக்கெட்டில் எர்த் வயரே இணைக்காமல் இருந்தது தெரிந்தது. அதையும் இழுத்தார்கள். என்னைக் கேட்டால் இந்த நிகழ்வால் அந்த வீட்டுக்குக் கிடைத்த பெரிய லாபம் அதுதான். சி.பி.யூவை வளவு ஓரத்திலிருந்து அறைக்குள் நகர்த்தச் சொன்னேன். தாழ்வாரத்திலேயே சுவர்ப் பக்கம் ஒரு முழம் தள்ளியதோடு சரி. தலைச் சல்லடை மேல் துணி போட்டு மூடலாமா என்றார்கள். கூடாது, சூடு வெளியே போகாது. அதற்குப் பதில் சல்லடைக்கு மேல் நான்கு விரற்கடை இடைவெளி விட்டு ஒரு பலகைத் தட்டு அடித்திருக்கிறார்கள், கூரை மாதிரி. நான் யோசித்தது இல்லை, நல்ல வேலை. ஆனால் அந்தத் தட்டு மேல் இப்போது ஆர்டர் நோட்டும் விபூதிக் கிண்ணமும் ஏறிவிட்டன. தண்ணீருக்கு மட்டும் மூடி போட்ட பாட்டில்.

கணக்கைத் தினமும் பென் டிரைவில் பிரதி எடுக்க பையனுக்குச் சொல்லிக்கொடுத்தேன். இப்போது முன்பக்க யூ.எஸ்.பி. இல்லாததால் அதற்கு சி.பி.யூவைத் திருப்ப வேண்டியிருக்கிறது என்று சலித்துக்கொள்கிறான்; பின்பக்கத்திலிருந்து ஒரு நீட்டு வயர் வாங்கிக் கொடுத்திருக்கிறேன். பேசாத ராம் ஸ்லாட்டில் காகிதத்தை ஒட்டி வைத்திருக்கிறேன், வேறு யாராவது திறந்தால் அதில் ராமைச் செருகிவிட்டுத் தலையைப் பிய்த்துக்கொள்ளக் கூடாது. சிப்பு அடியில் எங்காவது உப்பு தங்கியிருந்தால் அது மழைக்கால ஈரத்தில்தான் காட்டும். அதனால் பொங்கல் ஆர்டர் முடிந்ததும் ஒரு தடவை திறந்து, செல் பக்கத்தையும் அடி விளிம்பையும் லென்ஸ் வைத்துப் பார்ப்பதாகச் சொல்லியிருக்கிறேன்.